நெவிலின் குரலில் ஒரு பென்குயின்

தேநீரில் பாலை முதலில் ஊற்றுவதா கடைசியில் ஊற்றுவதா என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. நான் ஊற்றுகிறபடி நெவில் குடித்துவிடுவார். நீங்களும் அப்படியே குடியுங்கள், கான்ஸ்டபிள் டூகன். இந்த லாமிங்டன் கேக் நேற்றுச் செய்தது. தேங்காய்த்தூள் சட்டையில் கொட்டும், தட்டைக் கிட்டே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

என் கணவரை உங்களுக்குத் தெரியும். இந்த பார்சன்ஸ் கோவ் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் யார்? வாழ்நாள் முழுக்க சிங்கி இறால் பிடித்த மனிதர். நல்லவர். குடியில்லை, சூதில்லை. பேச்சும் இல்லை. ‘ம்’ என்பார், ‘பாக்கலாம்’ என்பார். கோபம் வந்தால் இரண்டையும் சொல்லமாட்டார். ஆனால் தொழிலை விட்டபின் கடல் மீட்புக் குழுவில் சேர்ந்தார் பாருங்கள், தினமும் காலையில் படகுத்துறைக் குடிசையில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் படகுகளுக்கெல்லாம் வானிலை சொல்வார். நான் சமையலறையில் சின்ன ரேடியோவை வைத்துக் கேட்பேன். வடமேற்குக் காற்று, அலை எவ்வளவு உயரம், மதியத்துக்கு மேல் மழை என்று என்ன ஒரு கனிவு தெரியுமா அந்தக் குரலில்? முன்பின் தெரியாத படகுகளிடம் அரைமணி நேரம் அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் ‘ம்’ என்பார். நான் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. மனத்தில் குறித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்புறம் நூலகத்தில் அந்த வகுப்பு வந்தது. ஏஐ கருவிகளை வைத்துக் குட்டிக் கார்ட்டூன் படம் எடுப்பது எப்படி என்று. சொல்லிக்கொடுக்க ஹோபார்ட்டிலிருந்து சாஸ்கியா என்ற பெண் வந்தாள். மூக்கில் வளையம் போட்டிருந்தாலும் பொறுமைசாலி. எங்களில் பாதிப்பேர் கணினியை அணைக்கத் தெரியாமல் மின்செருகியைப் பிடுங்குகிறவர்கள்.

நான் சிவப்பு மப்ளர் கட்டிய ஒரு பென்குயினைக் கேட்டேன். முதல் காட்சியில் சரியாக வந்தது. அடுத்த காட்சியில் மப்ளர் மஞ்சள். அதற்கடுத்ததில் மப்ளரே இல்லை, பதிலுக்கு மூன்றாவதாக ஒரு இறக்கை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெவனுக்கு, கசாப்புக் கடை வைத்திருந்தாரே அவருக்குத்தான், ஐந்து கால் ஆடு வந்தது. சாஸ்கியா திருத்தப் போனாள்.

“விடும்மா, இருந்துட்டுப் போகட்டும். கூடுதலா ஒரு தொடை. எந்தக் கசாப்புக் கடைக்காரன் வேணாம்பான்?” என்றார் பெவன்.

சாஸ்கியா என்னிடம் வந்து, “இந்தக் கருவிக்கு ஞாபகமே கிடையாது லோர்னா. நேத்து வந்த பென்குயின் யாருன்னு இன்னிக்கு அதுக்குத் தெரியாது. நல்லதா ஒரு படத்த எடுத்து வச்சுக்கிட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் ‘இதான் அவன்’னு காட்டணும். மப்ளரு, நிறம், உயரம் எல்லாத்தையும் அதே வார்த்தைல திரும்பத் திரும்பச் சொல்லணும். சலிச்சுக்கக் கூடாது,” என்றாள்.

எனக்கு அது சிரமமாகவே இல்லை. ஒரே விஷயத்தை அதே வார்த்தைகளில் திரும்பத் திரும்பச் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம். வகுப்பிலேயே முதலில் தேறியவள் நான்தான். ஒரு காட்சியை நான்கைந்து நொடிக்கு மேல் நீட்டக்கூடாது, நீட்டினால் பென்குயினின் கால் உருகி ஓடிவிடும் என்று கற்றுக்கொண்டேன். காட்சியின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் நாமே கொடுத்துவிட்டால் நடுவில் உள்ளதை அது இட்டு நிரப்பிவிடும் என்றும் கற்றுக்கொண்டேன். பெண் பென்குயின் ஒன்றுதான் கடைசிவரை வசப்படவில்லை. என்ன எழுதிக் கொடுத்தாலும் எல்லாக் காட்சியிலும் அலகைத் திறந்தே வைத்திருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு குரல். கொஞ்ச நேரப் பேச்சைக் கொடுத்தால் அந்தக் குரலிலேயே எதை வேண்டுமானாலும் பேசும் என்றாள் சாஸ்கியா. “ஆனா யாரோட குரல்னாலும் அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான்,” என்று விரலை ஆட்டினாள். நான் கேட்டேன். நெவில் டிவியில் ஃபுட்டி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். “உன் குரல எடுத்துக்கட்டுமா?” என்றேன். “ம்” என்றார். அவருடைய அணி அப்போதுதான் கோல் போட்டது என்பது உண்மை. ஆனால் எந்த ‘ம்’ சம்மதம், எந்த ‘ம்’ மறுப்பு என்று இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? மீட்புக் குழுவில் பழைய வானிலை அறிவிப்புகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். கேட்டதும் கொடுத்தார்கள்.

படத்தில் பெரிய கதை ஒன்றுமில்லை. கடலுக்குப் போன பென்குயின் பொந்துக்குத் திரும்பி, மனைவி முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறது. கல்யாண நாளுக்கு நங்கூரச் சங்கிலி வாங்கி வந்ததற்கு மன்னிப்பு. அவள் அம்மாவின் இறுதிச் சடங்கில் அலை நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு மன்னிப்பு. “மார்ஜரின்னு எனக்கு யாரையும் தெரியாது. படகு வாங்கும்போதே அதுல அந்தப் பேருதான் இருந்துச்சு. நீ நம்பணும்,” என்கிறது. எல்லாவற்றையும் வானிலை அறிவிக்கிற அதே இழுப்பிலேயே சொன்னது. ‘என்ன மன்னிச்சிடு’ என்பது ‘சிறு படகுகள் கரையிலேயே இருக்கவும்’ என்பது மாதிரி ஒலித்தது. அதுதான் எல்லாரையும் உலுக்கிவிட்டது என்று நினைக்கிறேன். நூலகத்தில் திரையிட்ட அன்று உங்கள் மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நெவில் பின்னால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பெவன் போய் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“டேய் நெவில், உனக்குள்ள இவ்ளோ இருக்கா? கல்லுன்னு நெனச்சேனேடா உன்ன.”

“அது நான் பேசல,” என்றார் நெவில்.

“கூச்சத்தப் பாரு அவனுக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், “லோர்னா, அத அழிச்சிடு,” என்றார். முதல் படம் வெளிவந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் அழிக்கவில்லை.

அடுத்த வாரம் லான்செஸ்டனிலிருந்து அவர் தம்பி ரஸ்ஸல் கூப்பிட்டான். இருவரும் பேசிப் பல வருடம். அப்பாவின் நிலத்தைப் பிரித்ததில் வந்த மனத்தாங்கல். வருடத்துக்கு ஒருமுறை அவன் கூப்பிடுவான், நெவில் தோட்டத்துக்குப் போய்விடுவார், நான் ஏதாவது சொல்லி வைத்துவிடுவேன். அன்றைக்குக் கணினி மேஜைமேல் திறந்தே இருந்தது. தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துத் தட்டச்சு செய்தேன். “தப்பு என்மேலதான் ரஸ்ஸல்,” என்றது நெவிலின் குரல். நான் மெதுவாகத்தான் தட்டச்சு செய்வேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் விழுந்த இடைவெளியை அவன் அழுகையை அடக்குவதாக எடுத்துக்கொண்டான்.

“நீ இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லையேண்ணா,” என்று அவன்தான் தேம்பினான். “அலையப் பத்தியெல்லாம் எதுக்குண்ணா சொல்ற, அழாத.”

அது கருவியின் கோளாறு. உணர்ச்சி மிகுந்தால் இடையில் அலை உயரம் வந்துவிடும். ஆனாலும் ஒரு குடும்பம் ஒன்று சேர்ந்ததா இல்லையா? இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள். பிறகு சொல்லுங்கள், இப்போது வேண்டாம்.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன உதவிகள். பல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். புல்தரையில் பந்து உருட்டுகிற பௌல்ஸ் கிளப்பிலிருந்து அவரை விலக்கினேன், சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கட்டும் என்று. கிளப்பில் யாரும் சந்தேகப்படவில்லை. “இப்பல்லாம் நெவில் எவ்ளோ மரியாதையாப் பேசறாரு” என்று அந்தச் செயலாளர் பெண்ணே என்னிடம் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

படகு விஷயத்துக்கு வருகிறேன். அவர் முழங்கால் இருக்கிற நிலையில் படகு எதற்கு? நான் முறைப்படி அவரிடம்தான் கேட்டேன். “மார்ஜரிய வித்துடலாமா?” “கூடாது” என்றார். தெளிவாகவே சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் அவராக இல்லை. சாயங்காலம் அதே கேள்வியைக் கணினியில் கேட்டபோது, “நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் கண்ணு,” என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, அதில் துளிக்கூடத் தயக்கமில்லை.

பர்னியில் ஒருவர் படகு தேடிக்கொண்டிருந்தார். நெவிலின் குரல் அவரிடம் பேசி முடித்தது. அவர் காலையில் வண்டி கொண்டுவந்து படகை ஏற்றியபோது நெவில் குடிசையில் உட்கார்ந்து, கடல் அமைதியாக இருக்கிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு வெளியே வந்து பார்த்தார். கட்டியிருந்த இடத்தில் கயிறு மட்டும் மிதந்தது. நான் சாப்பாட்டு டப்பாவோடு அங்கேதான் நின்றிருந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மனிதர் பேசினார். முழு முழு வாக்கியமாக, துறை அதிர, நிறுத்தாமல் பேசினார். என்னைப் பற்றி, படகைப் பற்றி, பென்குயினைப் பற்றி, நாங்கள் ஒரே மேஜையில் சாப்பிட்ட இத்தனை வருடத்தைப் பற்றி. சொல்லச் சொல்லக் கண்ணில் நீர் வழிந்தது. பதிவு செய்யலாம் என்றால் கைபேசியைச் சமையலறையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அப்படிப்பட்ட உணர்ச்சி வானிலை அறிவிப்பில் எங்கே கிடைக்கும்?

அன்றே உங்களிடம் புகார் கொடுக்க வந்தார். நீங்கள் தோளில் கைபோட்டு வீட்டுக்கு அழைத்து வந்து விட்டீர்கள். வாசலில் நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “நெவில், நேத்து நீங்கதானே போன் பண்ணி ‘எனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு, எதாச்சும் உளறிக்கிட்டு வந்தா பெரிசா எடுத்துக்காதீங்க’ன்னு சொன்னீங்க?” அவர் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். உங்கள்மேல் தவறில்லை. இரண்டு நெவில்களில் எது அதிகம் நெவில் மாதிரி இருந்தது என்று கேட்டால் நானே கொஞ்சம் யோசிப்பேன். மருத்துவருக்கும் அதேபோல் ஒரு அழைப்பு போயிருந்தது. ஞாபகப் பரிசோதனைக்கு நாள்கூடக் குறித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் செய்தது மட்டும் கவனக்குறைவு. அவர் மறுபடி உங்களிடம் வருவாரோ என்று ஒரு யோசனை. காலையிலேயே நெவிலின் குரலில் உங்களைக் கூப்பிட்டேன். உங்கள் மேஜையில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு காதில் நெவில் தெற்குக் காற்று என்கிறார், இன்னொரு காதில் நெவில் ‘என் மனைவி சொல்றதக் கேளுங்க’ என்கிறார். நீங்கள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டியது எனக்கே கேட்டது.

நெவில் இப்போது ரஸ்ஸல் வீட்டில் இருக்கிறார். நேற்றுக் கூப்பிட்டேன். ரஸ்ஸல்தான் எடுத்தான். “உங்க வீட்டுக்காரரு வாயவே மூட மாட்டேங்கறாரு அண்ணி. சாப்பிட உக்காந்தா எழுந்திருக்க விடறதில்ல. அப்பா கதை, கடல் கதை, என் பொண்டாட்டி சிரிச்சுச் சிரிச்சு வயித்தப் புடிச்சுக்கறா. ஊமை ஊமைன்னு சொல்லுவீங்களே, ஒருநாளாச்சும் பேச விட்டீங்களா அவர?” என்றான். பின்னால் யாரோ உரக்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நல்ல குரல். நெவில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை என்பதால் அது அவர்தான் என்று உறுதியாகச் சொல்லமுடியாது. ரஸ்ஸலுக்கும் காது மந்தம். யார் பேசினாலும் அதிகம் பேசுவதாகத்தான் அவனுக்குத் தோன்றும்.

என்ன, நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள்? இருங்கள், முடித்துவிடுகிறேன்.

ஆக, குரலை எடுத்தது நான். தம்பியிடமும் கிளப்பிலும் பேசியது நான். படகை விற்றது நான். மருத்துவரையும் உங்களையும் ஏமாற்றி, என் கணவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நம்பவைத்ததும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். படகை அந்த பர்னிக்காரர் திருப்பித் தரச் சம்மதித்தார் என்றீர்கள், அதுவும் சந்தோஷம். ஆனால் வழக்கு என்றெல்லாம் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை அவரையும் கேட்டுவிடுவதுதான் முறை. அவர் மனத்தில் என்மேல் எந்தக் குறையும் இல்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் வாயாலேயே சொல்வார், நீங்களே கேட்கலாம்.

ஒரு நிமிடம் பொறுங்கள், கணினியைத் திறக்கிறேன்.