அலமாரியில் நான்கு பைகள்

புளிப்பு ஆரஞ்சைக் குறுக்காகத்தான் வெட்ட வேண்டும். நெடுக்காக வெட்டினால் பாதிச் சாறு தோலிலேயே தங்கிவிடும். ஒஸ்மானி வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் நான் நெடுக்காகத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள் அல்லவா? மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் எல்மி பெச். மெக்சிகோவின் மெரிதாவில், சந்தையின் தெற்கு வாசலை ஒட்டி என் டாக்கோ கடை இருக்கிறது. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. பன்றிக்கறியைச் சிவப்பு விழுது தடவி வாழை இலையில் சுற்றி வேகவைத்து, சோள ரொட்டியில் வைத்துத் தருவேன். அந்த வாசலில் ஆறு கடைகள், ஆறிலும் அதே டாக்கோதான். என்னிடம் வருகிறவர்கள் பக்கத்துக் கடையில் கூட்டமாக இருந்ததால் வருகிறவர்கள்.

ஒஸ்மானி ஜனவரியில் வந்தான். கியூபாக்காரன். அமெரிக்காவில், தம்பாவில் இருக்கும் அக்காவிடம் போவதற்கான விசாத் தாள்கள் வரும்வரை இங்கே காத்திருந்தான். முதல் நாள் ஒரு டாக்கோ வாங்கிக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏன் அக்கா, உங்க ஊர்ல பூண்டுக்குத் தடை உத்தரவா?"

"பிடிக்கலைன்னா பக்கத்துக் கடைக்குப் போ."

"அங்கேயும் தின்னுட்டுத்தான் வரேன். அங்கே பூண்டைக் கைது பண்ணியே வெச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் மத்தியானம் கறி ஊறவைக்கும் நேரத்துக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு நின்றான். என் சிவப்பு விழுதை அவன் தள்ளிவிடவில்லை. புளிப்பு ஆரஞ்சுச் சாறு, இடித்த பூண்டு, வறுத்த சீரகம், ஒரேகானோ எல்லாம் போட்டு, அதன் மேல் சூடான பன்றிக் கொழுப்பை ஊற்றினான். சொய்யென்று சத்தம் வந்தது. அது அவர்கள் ஊர் முறை. அந்தச் சாற்றோடு என் விழுதைக் கலந்து, கறியைக் குத்திக் குத்தி, முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்தான். ரொட்டியில் கறுப்பு பீன்ஸை மசித்துத் தடவி, கறி வைத்து, மேலே வறுத்த கனிந்த வாழைப்பழம் ஒரு துண்டு. எங்கள் ஊறுகாய் வெங்காயத்தை மட்டும் அப்படியே விட்டான். "இது நல்லாத்தான் இருக்கு, இதுல கை வெக்க மாட்டேன்" என்றான்.

மார்ச்சில் என் கடைக்கு வரிசை நின்றது. பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள்.

அந்த மாதம்தான் அவன் கைபேசி வாழைப்பழம் வறுக்கும் சட்டியில் விழுந்தது. நான் தள்ளிவிடவில்லை. சட்டைப் பையில் இருந்தது, குனிந்தான், விழுந்தது. புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன் என்றான். "எதுக்கு? உன் குடும்பம் வரும்போது செலவு இருக்கும், என்னோடதுலயே பேசிக்கோ" என்றேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

கியூபாவில் இருந்த அவன் மனைவி பெயர் மைதெலிஸ். மகள் யாஸ்லின், ஆறு வயது. குழந்தைக்கு மூச்சிரைப்பு உண்டு. அங்கே இன்ஹேலர் கிடைப்பதில்லை என்று இவன் ஒவ்வொரு மாதமும் இங்கே வாங்கி, ஒரு துணிப் பையில் போட்டு, கூடவே ஒரு ரிப்பனோ பொம்மையோ வைத்து அனுப்புவான். எனெய்தா என்று ஒரு பெண் ஹவானாவுக்கும் மெரிதாவுக்கும் சாமான் கொண்டுபோய்க் கொண்டுவருவாள். அவள் வீடு என் வீட்டுப் பக்கம். அதனால் பையைக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. மார்ச், ஏப்ரல், மே, ஜூன், நான்கு மாதமும் ஒழுங்காகக் கொடுத்தேன்.

அவன் கை எப்போதும் சாற்றிலும் கொழுப்பிலும் இருக்கும். செய்தி வந்தால் நான்தான் படித்துச் சொல்வேன். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஜூலை முதல் வாரம் மைதெலிஸ் எழுதியிருந்தாள்: மழை முடிந்ததும் மெரிதா வருகிறோம், தாள்கள் வந்துவிட்டன, மூன்று பேரும் சேர்ந்து தம்பா போய்விடலாம். குழந்தைக்கு மூச்சு சீராக இருந்தால் விமானத்தில் ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்ன அக்கா எழுதியிருக்கா?" என்றான்.

"எல்லாரும் சௌக்கியமாம். அங்க கரண்ட் இல்லையாம்."

"அங்க கரண்ட் என்னிக்கு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கறியைத் திருப்பிப் போட்டான்.

அந்த மாதப் பையை நான் எனெய்தாவிடம் கொடுக்கவில்லை. அவன் வேறு ஆள் பிடித்துவிட்டான் என்று சொன்னேன். பையை என் துணி அலமாரியில், போர்வைகளுக்குக் கீழே வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். பயணம் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். ஒரு மாதம் என்பது பெரிய காலம் இல்லை. கடை அப்போதுதான் நிமிர்ந்திருந்தது. அவனும் இங்கே சந்தோஷமாக இருந்தான். ஒரு மனிதன் எங்கே நன்றாக இருக்கிறான் என்பது அவனுக்கே எப்போதும் தெரிந்துவிடாது.

ஆகஸ்ட் பையும் செப்டம்பர் பையும் அலமாரிக்குப் போயின.

மைதெலிஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடையில் கிடைக்கவில்லை, அடுத்த மாதம் அனுப்புகிறேன் என்று அவன் எழுதுவது போல எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பேச ஆசைப்படுவான். லைன் கிடைக்கவில்லை என்பேன். அது முழுப் பொய்யும் இல்லை, பல ஞாயிறு நிஜமாகவே கிடைக்கவில்லை. மகளுக்காகக் குரல் பதிந்து கொடுப்பான், ஏதோ கோழிக் கதை, கோழி மாதிரியே கத்திக் காட்டுவான். அதை நான் அழித்துவிடுவேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்பேன்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் குழந்தை போய்விட்டது. காலையில் செய்தி வந்தது. ரொட்டிகள் கல்லில் கிடந்தன, ஒரு பக்கம் வெந்திருந்தது. நான் திருப்பிப் போட்டேன். அவன் வரிசையில் நின்ற யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். இப்போது சொல்ல வேண்டாம், கூட்டம் குறையட்டும் என்று நினைத்தேன். கூட்டம் குறைந்தபோது அவனுக்குப் பசியாக இருந்தது. சாப்பிடட்டும் என்று நினைத்தேன். அப்படியே அக்டோபர் வந்துவிட்டது. அந்த மாதமும் அவன் இன்ஹேலர் வாங்கி, பையில் போட்டு, முடிச்சில் ஒரு முத்தம் கொடுத்து என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு மத்தியானம் எனெய்தா கடைக்கு வந்தாள். அவன் கறி பிசைந்துகொண்டிருந்தான்.

"நீ வேற ஆள்கிட்ட பையைக் குடுக்க ஆரம்பிச்சதுல எனக்குச் சேதியே வரல, உன் புள்ள விஷயம் இப்பதான்பா கேள்விப்பட்டேன். எனக்கு மனசே ஆறல."

"எந்த விஷயம்?" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆரஞ்சு வெட்டிக்கொண்டிருந்தேன்.

"யாஸ்லின்... செப்டம்பர்ல... உனக்குத் தெரியாதா?"

அவன் கறியை இன்னும் இரண்டு முறை புரட்டினான். வாழை இலையால் மூடினான். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான், இன்னொரு முறையும் கழுவினான். துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"அந்தப் பையெல்லாம் எங்க அக்கா?"

"அலமாரியில, போர்வைக்குக் கீழ."

நான் அவனிடம் பொய் சொல்லவில்லை. நேராகக் கேட்டான், நேராகச் சொன்னேன். அவன் என்னை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பைகளை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவன்தான். இதோ உங்கள் மேசையில் இருக்கின்றன, நான்கு.

மறுநாள் நான் கடை திறந்தேன். முந்தின நாள் ஊறிய கறி இருந்தது, வீணாக்க முடியாது. ருசி மாறவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கேட்காத ஒன்றும் இருக்கிறது. என் கைபேசியில் அதைத் தேடினால் கிடைக்காது, அழித்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் மைதெலிஸ் ஒரே ஒரு வரி எழுதினாள். "மருந்து வாங்கி அனுப்பினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அன்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். அனுப்பினேன், வழியில் தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். எழுதினால் அவள் அழுவாள், பிறகு மன்னிப்பாள், பிறகு கிளம்பி வந்துவிடுவாள். அதனால் அவன் பெயரில் எழுதினேன்: "மறந்துட்டேன். இங்க கடையில வேலை அதிகம்."

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை.

இன்று அவன் அவளைப் பார்க்க விமானம் ஏறுகிறான் என்று சொன்னீர்கள். போகட்டும், நான் தடுக்கவில்லை. அவள் கதவைத் திறக்க மாட்டாள். பாவம், அவனுக்கு இனி யார் இருக்கிறார்கள்? என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.