காய்ந்த உமி ஒட்டாது

விடியற்காலை ஐந்து மணி. எல்லைச் சாவடிக்கு வரும் சாலை. இரு பக்கமும் முள்கம்பி, நடுவில் பனி... வேறு எதுவும் இல்லை.

நம்மோடு படித்தானே, அவனுடைய அத்தானுக்கு அங்கேதான் வேலை. ஆள் உயரத்துக்கு ஒரு கூரான இரும்புக் கம்பி வைத்திருப்பார். லாரிச் சுமைக்குள் செருகி, உருவி, முனையைப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டாக்டர்'. ஊசி போடுகிறாராம்.

அதற்கு முந்தின வாரம்தான் அவர் சோதித்து விட்ட லாரியில் ஆட்கள் ஒளிந்து எல்லை தாண்டியிருந்தார்கள். மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார்: "அந்தக் கம்பிய வச்சு காது குடையிறியா?" அந்தக் கேள்வியை அவர் மறக்கவில்லை.

அன்று வந்தது உமி லாரி.

"உமிக்குமா ஊசி, டாக்டரே?" ஓட்டுநர் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

செருகினார். சரக்... பிறகு ஏதோ மெத்தென்று தடுத்தது. உருவும்போது உள்ளே யாரோ துணியால் கம்பியைப் பற்றித் துடைத்தது கைக்குத் தெரிந்தது. முனையில் ரத்தம் இல்லை. ஆனால் உமி ஒட்டியிருந்தது. காய்ந்த உமி ஒட்டாது. ஈரம் இருந்தால்தான் ஒட்டும்.

சுமையை இறக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"என்னையா ஏமாத்துற?" என்று முனகிக்கொண்டு மறுபடி செருகினார். மறுபடி அந்தத் துடைப்பு. மூன்றாவது முறை, அழுத்தி...

யாரும் துடைக்கவில்லை. கம்பி சிவப்பாக வந்தது.

இனி இறக்கினால் கொலைக்குப் பதில் சொல்ல வேண்டும். தடுப்பைத் தூக்கச் சொன்னார். "உமிதான். போ."

சில நாள் கழித்து அந்த ஓட்டுநர் வந்தான். இப்போது 'டாக்டர்' என்று கூப்பிடவில்லை. "உமிக்குள்ள இருந்தது கைப்பிள்ளைக்காரி சார். கத்தினா பிள்ளை மாட்டிக்கும்னு அது வாயப் பொத்திக்கிட்டு, தானும் சத்தம் போடாமயே செத்துப் போயிருச்சு. பிள்ளை பொழைச்சிருச்சு."

மறுநாள் காலை அவர் தோளில் ஒரு துளை. சுற்றிலும் ரத்தமே இல்லை. மருத்துவர் கட்டுப் போட்டபடி கேட்டார்: "யாரு சுத்தம் பண்ணது? நல்லாவே துடைச்சிருக்காங்க."

அடுத்தது விலாவில். அதுவும் துடைத்திருந்தது.

அன்றுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

கதவைப் பூட்டினார்கள். விளக்கை அணைக்கவில்லை. சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் மனைவி, நடுவில் நாலு வயது மகள். "ஏதாவதுன்னா கத்துறேன். நீ உடனே எந்திரிச்சுரு."

மனைவிக்கு இலை அசைந்தால் விழிப்பு வரும். அன்று வரவில்லை.

விடிந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. நெஞ்சில் துளை. இந்த முறை யாரும் துடைக்கவில்லை. சட்டை, பாய், தரை எல்லாம் சிவப்பு... மகள் விழித்தபடி அசையாமல் படுத்திருந்தாள்.

"ஏன்டி அம்மாவ எழுப்பல?"

"ஒரு அத்தை வந்து என் வாயப் பொத்திக்கிட்டாங்க. மூக்கையும்."

"அப்பா?"

"அப்பாகிட்ட, நீ கத்தினா கைய எடுக்க மாட்டேன்னு சொன்னாங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா கத்தவே இல்லம்மா."