வெள்ளைக்காரன் பக்கம்

— வெள்ளைக்காரன் பக்கமா! பள்ளிக்கூடத்துப் பட்டிமன்றத்துல டீச்சர் நீ போயி அவனுக்காகப் பேசப்போறயா, ஜன்னத்து?

— சீட்டுக் குலுக்கினமுங்ண்ணா, எனக்கு அப்படி வந்துபோட்டுது. அவன் நாடு புடிச்சது நாயமேன்னு பேசோணும். பாயிண்டே வரமாட்டீங்குது. போனை வெச்சுப்போடாதீங்க. பெருந்துறையில சும்மாதான உக்காந்திருக்கீங்க, நாலு சொல்லுங்களேன்.

— சும்மாவா? பெட்ஷீட் சரக்குக்குக் காத்துக் கெடக்கறேன். மத்தியானம் ஆயிருமுங்கறான். செரி, அந்த ஊட்டுப் பேச்சை எடுக்காம இருந்தாச் சொல்றேன்.

— எடுக்கலீங்ண்ணா. மாசக் கடைசியில வாடகை ஊட்டக் காலி பண்ணோணும். எம்புள்ள மிஸ்பாவக் கூட்டிட்டு எங்க போறதுன்னுதான் ரோசனை. அத்தா எம்பேருக்கு எழுதி வெச்ச பாதி ஊட்டுல உங்க சரக்கு கெடக்குது. நான் ஒண்ணும் கேக்கல.

— இதுக்குப் பேரு கேக்காம இருக்கறதாக்கும்? எழுதிக்க. மொதப் பாயிண்டு, சும்மா கெடந்த நாடு. அவன் வந்துதான் ரயிலு, தந்தி, பாலம் எல்லாம்.

— பஞ்சை அவன் மில்லுக்குக் கொண்டுபோறதுக்கும், அங்க நெய்ஞ்ச துணிய நம்ம தலையிலயே கட்டறதுக்கும்தான ரயிலு போட்டான்? எதிரணியில தமிழ்ச்செல்வன் சாருங்க. உடமாட்டாரு.

— கேக்கட்டுமே. லாபம் இல்லாம எந்த யாவாரி கப்பலேறி வருவான்? ஆனா ரயில்ல நம்மாளும்தான போனான்? இப்ப நானு உம்பட பாதிக்கு ஷட்டர் போட்டேன், கரண்டு இழுத்தேன், ஒழுகின கூரை ஓடெல்லாம் மாத்தினேன். சரக்குக்காகத்தான், இல்லைங்கல. ஊடு யாருக்கு நல்லாச்சு?

— எழுதிக்கறேன். அடுத்து?

— இவன் புடிக்கலீன்னா பிரெஞ்சுக்காரன் புடிச்சிருப்பான். அத்தா மவுத்தாயி அடக்கம் பண்ணின கையோட பக்கத்துக் கடைக்காரன் செவுத்த நம்ம பக்கம் தள்ளிக் கட்டப் பாத்தானா இல்லியா? நான் மூட்டைய அடுக்கினதுலதான் அடங்கினான்.

— அவனத் தடுத்தது செரிங்ண்ணா. தடுத்தவன் எதுக்கு இருநூறு வருசம் உக்காந்துட்டான்?

— ஆளறதுக்கொரு பக்குவம் வேணும் கண்ணு. நீயே பாரு. தனியாப் பொம்பள, கூட ஒரு பொம்பளப் புள்ள. கார்ப்பரேசன் வரி, தண்ணி லைனு, சந்துக்காரனுங்க சண்டை, இதெல்லாம் உன்னால ஆவுமா? பக்குவம் வந்தா நானே குடுத்துருவேன்.

— பக்குவம் வந்திருச்சான்னு பாக்கறது யாருங்க?

— நாந்தான். பின்ன?

— இத அப்படியே சொன்னாக் கைதட்டு பிச்சுக்குமுங்க. ஏனுங்ண்ணா, அவனுக்கு மனசு உறுத்தியிருக்காதுங்களா?

— எதுக்கு உறுத்தோணும்? நல்லது பண்றோம்னு அவன் நெசமாலுமே நம்பினான். நானுந்தான் நம்பறேன். உம்மேல பாசம் இல்லாமயா ரம்ஜானுக்கு ரம்ஜான் மிஸ்பாவுக்குத் துணி எடுக்கறேன்?

— பாசம் இல்லைன்னு நான் எப்பங்ண்ணா சொன்னேன்? பாசம் இருக்கறதுனாலதான் இத்தன நாளு வாயத் தொறக்க முடியல. அழுகாச்சிதான் வருது.

— அட, இதுக்குப் போயி அழுவாங்களா அம்மணி. வேற என்ன வேணும், கேளு.

— ஒண்ணே ஒண்ணுங்க. எதிரணி என்ன பண்ணினா இவன் போவான்? அதுக்கும் ஒரு பதிலு வெச்சுக்கோணுமில்ல.

— பேசினாப் போவானா? மனு குடுத்தா வாங்கி மேசையில வெச்சுக்குவான். அழுதா ஆறுதல் சொல்லுவான். அவஞ் சாமானத் தூக்கி வெளிய வெச்சாத்தான் போவான். அதுக்கு ஆளு வேணும், தைரியம் வேணும். உங்க சாருக்கு ஏது?

— நல்லாச் சொன்னீங்க. அங்கயே சாப்ட்டுப்போட்டு மெதுவா வாங்கண்ணா, அவசரமில்ல. உங்க மூட்டை பூராத்தையும் டெம்போவுல ஏத்தி நீங்க குடியிருக்கற ஊட்டு வாசல்லயே எறக்கியாச்சுங்க. சாவி எடுத்துக் குடுத்தது உங்க சம்சாரம், ரூபினா மச்சிதான்; நான் இங்க எம்பட பாதியில தரையக் கூட்டறேன், அவங்க தண்ணி ஊத்தறாங்க.