பலகைக்கு வைத்த சந்தனம்

எனக்குப் பனி பிடிக்காது. கர்க்லாண்டில் பாதி ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், அது வாசலில் இருந்து வழித்துத் தள்ளத்தான் லாயக்கு. அதில் சறுக்குப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு குதிப்பதற்கென்றே ஜப்பானிலிருந்து வந்து எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்தான் ரியோ.

பத்தொன்பது வயது. பாதிக் குழாய்போலப் பனியில் வெட்டிய பள்ளத்தில், ஒரு சுவரில் ஏறி ஆகாயத்தில் சுழன்று இறங்குவான். அதற்கு வேகம் வேண்டும். வேகத்துக்குப் பலகையின் அடியில் மெழுகு வேண்டும். மெழுகு தேய்க்க எனக்கும் பழக்கியிருந்தான். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் மகன் போனில்கூட அகப்பட மாட்டான். இவனோ வெளிக்கிடும்போதெல்லாம், எங்களிடம் பழகிய தமிழில், "அங்கிள், போயிட்டு வாறன்" என்பான். அந்தக் குரலுக்கு நான் ஏங்கிப்போனேன்.

கடைசிப் போட்டி ஒன்று இருந்தது. அதில் வென்றால் ஜப்பான் அணியில் இடம். மறுநாளே பயணம். பெட்டிகூடக் கட்டிவிட்டான்.

போட்டிக்குப் புதுப் பலகை வந்தது. என் மனைவி அனுசூயா விடவில்லை. "புதுக் கார் எடுத்தா பொட்டு வைக்கிறேல்லையோ? பிள்ளைக்குக் கண்ணூறு நாவூறு பட்டிடும். கொஞ்சம் வைச்சு விடுங்கோ" என்று சந்தனத்தைக் குழைத்துத் தந்தாள்.

"வைக்கிறன்" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். மேலே ஒரு பொட்டு. பயிற்சி ஓட்டம் முடிந்து ரியோ சாப்பிடப் போன நேரம், மிச்சத்தை அடிப்பக்கம் முழுக்கப் பூசிக் காயவைத்தேன். கஞ்சத்தனம் பார்க்கவில்லை. வேகம் குறையும், தோற்பான், எங்கள் வீட்டுக்கே திரும்பி வருவான். நான் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் அவன் சுவரின் விளிம்பைத் தாண்டவில்லை. அதன்மேலேயே விழுந்தான். கால் முறிந்து, முழங்காலும் நொறுங்கியது.

பயிற்சியாளர் பேனாட் பலகையைப் புரட்டி, இதென்ன மஞ்சள் என்றார். என் மனைவிக்குப் பக்தி கொஞ்சம் கூட என்று பிரெஞ்சில் விளக்கினேன். தான் தந்த சந்தனம்தான் பிள்ளையை விழுத்தியது என்று அனுசூயா அழுது தீர்த்தாள். இப்போது சாமி விளக்கும் ஏற்றுவதில்லை. அவளைத் திருத்த நான் போகவில்லை. அழுதால் மனம் ஆறும்.

விமானத்தில் ஏற இன்னும் அனுமதி இல்லாததால் ரியோ எங்களோடுதான் இருக்கிறான். தூக்கி உட்காரவைப்பது, குளிக்க வார்ப்பது எல்லாம் நான்தான். இனிக் குதிக்க முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று, நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று என் தோளில் சாய்ந்து கேட்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை.