ஆரஞ்சு ஒயர்

காரில் கம்பெனி வைத்துக் கொடுக்கும் ரேடியோவைக் கழற்றிவிட்டு வேறொன்று பொருத்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓரத்துப் பிளாஸ்டிக் சட்டத்தைக் கீறல் விழாமல் நெம்ப வேண்டும். நாலு திருகு. பின்னால் ஒரு கொத்து ஒயர். பொறுமை இருந்தால் ஒரு மணி நேர வேலை. நான் முப்பத்தோரு வருடம் டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்தவன். நிறம் பார்த்து ஒயர் சேர்ப்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே வரும்.

அதனால்தான் இன்ஸ்பெக்டர் சார், காலையில் நீங்கள் அந்தக் காகிதத்தை நீட்டி, "ரேடியோவ மாப்பிள்ளைதான் மாட்டினார்னு ஒரு கையெழுத்துப் போடுங்க பெரியவரே" என்றபோது எனக்குக் கை ஓடவில்லை. மாட்டியது நான். முதலிலிருந்து சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி இறந்துபோனபோது மகளுக்குப் பதினொரு வயது. அதன்பின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். மூன்றே புரிதான், கேபிளைவிடச் சுலபம். இருபத்தாறில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஏதாவது குறை கிடைக்குமா என்று ஒரு வருடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர்கள் வீடு ஒன்றரை மணி நேரத் தூரம். முதலில் வாரம் தவறாமல் வந்தார்கள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு போன்.

பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார்கள். ஒருநாள் போனில் சொன்னாள், "அப்பா, இந்த ரேடியோ கரகரன்னு உயிர வாங்குது. புதுசு மாட்டணும்னா ரெண்டு நாள் காரை விட்டுட்டுப் போங்கன்றான் கடைக்காரன்."

"கடைக்கு எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? ஞாயித்துக்கிழமை கொண்டா."

அந்த ஞாயிறு நன்றாக இருந்தது. அவள் முன்சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். கழற்றின திருகுகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். தட்டு அகலத்துக்குத் திரை உள்ள புது ரேடியோ. அது எரிந்ததும் கைதட்டினாள்.

பத்து நாளில் இடது பக்கம் சத்தம் நின்றது. சத்தியமாக அது என் கவனக்குறைவு. வயதாகிறது, விரல் முன்போல் இல்லை. அடுத்த ஞாயிறு திரும்ப வந்தார்கள். நாலு நிமிட வேலை. நான் இரண்டு மணி நேரம் செய்தேன். உள்ளே அவள் தன் பழைய கட்டிலில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் காருக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் எல்லாவற்றையும் மூடும்போது, ஸ்பீக்கர் ஒயர் ஒன்றை இறுக்காமல் விட்டேன்.

அது வேலை செய்தது. மூன்று வாரத்தில் வந்தார்கள். அடுத்த முறை ஏரியல் முனை. அதற்கடுத்து, திரையின் பின்னால் ஒரு சொருகி. யாருக்கும் கெடுதல் இல்லாத பழுதுகள்தான். மாப்பிள்ளை ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்ல மாமா, இத சாக்கா வச்சு ஒரு எட்டு வந்துட்டுப் போறோம்" என்பார். மகள்தான் கிண்டல் செய்வாள். "ஊருக்கே லைன் இழுத்த மனுஷன், ஒரு ரேடியோகிட்ட தோத்துட்டாரு பாருங்க." நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிறகு அவளுக்கு வேறு ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால் போய்ச் சேரலாம். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துருவேன்ப்பா."

"நல்லதும்மா."

"நீயும் எங்ககூட வந்துடேன். அவரே சொன்னாரு, மாமாவுக்கும் சேத்து வீடு பாப்போம்னு."

"நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன்" என்றேன். அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு என்னைப் பார்க்க வந்தார்கள். ரேடியோவில் எந்தப் பழுதும் இல்லை. "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடறேன்" என்று நானே சாவியை வாங்கினேன்.

அந்த ஒயர் கொத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று உண்டு. விளக்குப் போட்டதும் ரேடியோ எழுத்துகளுக்கு வெளிச்சம் கொடுப்பது. அந்தக் காரில் அதற்கும் வேகம் காட்டும் டயலின் வெளிச்சத்துக்கும் பின்பக்கச் சிவப்பு விளக்குகளுக்கும் ஒரே ஃபியூஸ். அந்த ஒயரின் தோலைக் கொஞ்சம் சீவி, இரும்புச் சட்டத்தின்மேல் படும்படி வைத்து மூடினேன். விளக்குப் போட்டு ஓடும் குலுக்கலில் ஃபியூஸ் போகும். டயல் இருண்டுவிடும், மாப்பிள்ளை கவனிப்பார், வண்டியைத் திருப்புவார். பாதி வழியிலிருந்து வந்து சேர நேரமாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை, கடையும் இருக்காது. ஒரு ராத்திரி தங்குவார்கள். நான் கேட்டது அவ்வளவுதான் சார், ஒரு ராத்திரி.

நான் யோசிக்காதது, நானே மாட்டின அந்தத் திரை. அது வேறு ஒயரில் எரிந்தது. முன்பக்கமெல்லாம் வெளிச்சமாக இருந்ததால் டயல் இருண்டது அவருக்குத் தெரியவில்லை. பைபாஸ் ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போனபோது பின்னால் வந்த லாரி அடித்தது. லாரி டிரைவர் வெளிச்சமே கண்ணில் படவில்லை என்று சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். அவர் சொன்னது நிஜம், அவரை விட்டுவிடுங்கள். அடி விழுந்தது அவள் உட்கார்ந்திருந்த பக்கம். மாப்பிள்ளைக்கு வலது கை முறிந்தது.

ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அவர் வருகிறார். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில். எதிரில் உட்கார்ந்து, சரியாக மடங்காத அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றையே சொல்வார்.

"ஒரு தடவ இறங்கிப் பின்னால பாத்திருந்தா போதும் மாமா. நான்தான் கொன்னுட்டேன்."

"விடுங்க மாப்பிள்ளை, நம்ம கையில என்ன இருக்கு" என்பேன்.

அவர் அழுவார். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். சனிக்கிழமையே வீட்டைப் பெருக்கி வைப்பேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும். இதை மறைக்க விரும்பவில்லை.

உடைந்த காரைப் பிரித்த மெக்கானிக் அந்த ஒயரைப் பார்த்து, இது தானாகத் தேய்ந்ததல்ல, கத்தியால் சீவியது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல வேலைக்காரர். ரேடியோ மாட்டியது யார் என்று நீங்கள் கேட்டதற்கு மாப்பிள்ளை, "நான்தான்" என்று சொல்லியிருக்கிறார். ஏன் சொன்னார் என்று உங்களுக்குப் புரியவில்லை என்றீர்கள். எனக்குப் புரிந்தது. மாமா போட்ட ஜாயின்ட் விட்டுப்போய்விட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். அது எனக்குத் தெரிந்தால் நான் தாங்கமாட்டேன் என்று மூடி மறைத்திருக்கிறார். இப்போது பெண்டாட்டியைத் திட்டம் போட்டுக் கொன்றவன் என்று அவர்மேல் கேஸ் மாறப்போகிறது.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். சீவியது நான்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அன்று ஆறரை மணிக்குக் கிளம்பினார்கள். லேசாக இருட்டியிருந்தது. ஏறுவதற்கு முன்னால், "எல்லாம் சரியா இருக்குல்லப்பா?" என்று கேட்டாள். "பாத்துட்டேன்மா" என்றேன். மாப்பிள்ளை விளக்கைப் போட்டார். முன்னால் எரிந்தது. பின்னால் இரண்டு சிவப்பும் ஒரு நொடி எரிந்து அணைந்தன. வழியில் போக வேண்டிய ஃபியூஸ் வாசலிலேயே போய்விட்டது.

அவள் ஜன்னலில் கையை நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள். நானும் ஆட்டினேன். தெருமுனை திரும்பும்வரை அந்தக் காரின் முதுகு கருப்பாகவே இருந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார்கள். பத்து நிமிடத்தில் சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பியும் இருப்பார்கள். அதனால் கூப்பிடவில்லை.

உள்ளே போய், அவள் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பை எடுத்துப் போட்டேன்.