றப்பர்ச் சில்லு

அந்தி ஆறரை மணி. ஆறரை எண்டோடன சிரிக்காதைங்கோ... அந்த வருசம், இரண்டாயிரத்து ஏழு, திருகோணமலையில ஆறரை எண்டா சாமம்தான். கடலில வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும். றோட்டில மனிசர் இருக்காது. துறைமுகப் பக்கம் இறங்கிற றோட்டு... ஒரு பக்கம் முள்ளுக்கம்பி, மற்றப் பக்கம் பூட்டின கடையள். அதில ஒரு கடைக்குள்ள மட்டும் லைற் எரியுது.

உள்ளுக்க தங்கத்துரை. எங்கட தம்பிராசாவின்ர அக்கா புருசன். தம்பிராசா இப்ப இதில இருந்தா அவனே சொல்லுவான், என்னை வாய் திறக்க விடமாட்டான். ஆனா எனக்கு இதைச் சொன்னது தங்கத்துரை. தன்ர வாயால. அந்த மெழுகுதிரியைக் கொஞ்சம் இஞ்சால தள்ளுங்கோ.

ஸ்ரிக்கர்க் கடை வைச்சிருந்தவர். ஓட்டோவுக்குப் பேர், கடைக்குப் போர்ட், வள்ளத்துக்கு இலக்கம். கொம்பியூட்டரில எழுத்தை அடிச்சு அனுப்பினா, மெசினுக்குள்ள இருக்கிற சின்னக் கத்தி தாளை வெட்டும். வெட்டினது உடன கண்ணுக்குத் தெரியாது. மிச்சத்தை ஊசியால கிளப்பி உரிச்சாத்தான் எழுத்து நிக்கும். தாளை அமத்திப் பிடிச்சு முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டுறது ஒரு சின்ன றப்பர்ச் சில்லு.

அந்தச் சில்லுத்தான் வெடிச்சுது. அதுவும் வள்ளமெல்லாம் இலக்கம் பெரிசா ஒட்டவேணும், ஒட்டாட்டிக் கடலில இறங்க ஏலாது எண்டு நேவிக்காரற்ற கட்டளை வந்த கிழமை பாத்து. அபூதாஹிர் எண்டு ஒரு வள்ளக்காரர் ஒவ்வொரு நாளும் வாசலில வந்து குந்தினார். புதுச் சில்லு கொழும்பில இருந்து வரவேணும். கந்தளாயால வாற சாமானெல்லாம் ஆமிக்காரர் சோதனையில அவிட்டுக் கொட்டிக் கிண்டி முடிய எந்தப் பெருநாளோ. தங்கத்துரை கடைக்குள்ள றப்பர் தேடினார். கதிரைக்குக் கீழ ஒரு செருப்பு கிடந்தது.

ஒற்றைச் செருப்பு.

இப்ப உள்ள பிள்ளையளுக்கு இது விளங்காது. அந்த நாளில காலமை றோட்டில ஒற்றைச் செருப்புக் கிடந்தா ஒருத்தரும் தொட மாட்டினம். சைக்கிளை வளைச்சு ஓடுவினம். குப்பை கூட்டுறவ கூட அதை விட்டிட்டுச் சுத்திவரக் கூட்டுவா. அந்தச் செருப்புக்கு உரிய ஆக்கள் தேடிக்கொண்டு வருவினம் எல்லோ. பிள்ளையை இரவில வாகனத்தில வந்து எந்த இடத்தில தூக்கினவங்கள் எண்டதுக்கு அவையளிட்ட வேற என்ன இருக்கு? முறைப்பாடு குடுக்கப் போனா முதல் கேள்வியே அதுதான். எங்க பிடிச்சது, ஆர் கண்டது? இடம் சொல்லத் தெரியாட்டி, தானாப் போயிட்டான் எண்டு எழுதிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்கள்.

தங்கத்துரை தன்ர கடை வாசலில கிடந்த செருப்பை எடுத்து உள்ளுக்க போட்டிட்டார். ஏன் எடுத்தனீங்கள் எண்டு கேட்டன். தன்ர வாசலில கிடந்தா தன்னட்டக் கேள்வி வரும் எண்டார். அவ்வளவுதான் எண்டுதான் முதல் சொன்னவர்.

குழாய்த் துண்டொண்டைச் சூடாக்கி, செருப்பின்ர குதியில வைச்சு அமத்தி, வட்டமா வெட்டி எடுத்தார். கடையெல்லாம் எரிஞ்ச றப்பர் மணம். அதை ஆணியில கோத்து அரத்தால ராவிக்கொண்டு இருக்கேக்க ஒரு அம்மா வந்து வாசலில நிண்டா. பூரணம். சாம்பல்தீவுப் பக்கம். மகன் கோணேசன் வேலையால வரேக்கக் காணாமல் போய் நாலைஞ்சு நாள். றோட்டோரமாக் குனிஞ்சு பாத்துக்கொண்டே நடந்து வந்தவ. நீல வார்ச் செருப்பு, ஒரு பக்கம் தங்கூசி நூலால தைச்சது, கண்டனீங்களோ தம்பி எண்டு கேட்டா.

கையில சில்லு. காலடியில மிச்சச் செருப்பு. காலால அதை மேசைக்குக் கீழ தள்ளிப்போட்டு, "இல்லையக்கா, நான் காணேல்ல" எண்டார்.

அவ, ஓம் தம்பி எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா. அதுதான் தன்னை அறுத்தது எண்டார். ஏசியிருந்தாக்கூடப் பரவாயில்லையாம்.

பின்னேரம் சில்லைப் பூட்டி அபூதாஹிரின்ர இலக்கத்தை வெட்டினார். நூல் பிடிச்ச மாதிரி வந்தது. மனுசன் கையெடுத்துக் கும்பிடாத குறையா வாங்கிக்கொண்டு இருட்ட முதல் ஓடினார். தங்கத்துரை கதவைப் பாதி சாத்தினார். அப்பதான் ஆறரை...

சறக்.

திரும்பிப் பாத்தார். கொம்பியூட்டர் நூத்துக் கிடக்கு. மெசின் ஓடுது. சறக்... நிண்டு... சறக்... ஒற்றைச் செருப்போட ஆரோ காலை இழுத்து நடக்கிற சத்தம். தாள் கீழ இறங்கி, நிலத்தில ஊர்ந்து, கதவு நீக்கலுக்குள்ளால வெளியில போகுது. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். மெசின்ர லைற் நூந்தது. சில்லு நிக்கேல்ல. சறக்... சறக்... தாள் றோட்டோரத் தண்ணிக் கானில முட்டின பிறகுதான் நிண்டது. எரிஞ்ச றப்பர் மணம் போய் ஈரச் சேத்து மணம் அடிச்சதாம்.

ஊசியால ஒரு மூலையைக் கிளப்பி உரிச்சார். கால் தடம். ஆம்பிளைக் கால். ஒண்டு செருப்போட, மற்றது வெறுங்கால். ஒண்டு மாறி ஒண்டு, தாள் முழுக்க.

இரவு முழுக்க அவருக்கு ஒரே யோசினை. பொடியனைக் கொண்டு போன பாதையைத்தான் இது காட்டுது, தாய்க்காரியிட்டக் குடுத்தா என்ர பாவம் கழியும் எண்டு. விடிஞ்சதும் சாம்பல்தீவுக்குப் போய்ப் பூரணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிச்சச் செருப்பை அவவின்ர கையில குடுத்தார். தாளை விழுந்து கிடந்த மாதிரியே, மெசினடியில இருந்து றோட்டு வரைக்கும் விரிச்சார். "இந்தப் பக்கம்தான் கொண்டு போயிருக்கிறாங்கள் அக்கா. எங்க கேட்டாலும் நான் வந்து சொல்லுறன்."

அவ குந்தியிருந்து, ஒவ்வொரு காலையும் விரலால தடவித் தடவிப் பாத்தா. பிறகு நிமிந்தா.

"இது போற காலில்லை, தம்பி. வாற கால்."

அப்பதான் தங்கத்துரை வடிவாப் பாத்தவர். விரலெல்லாம் கடைப் பக்கம். குதியெல்லாம் றோட்டுப் பக்கம்.

"என்ர பிள்ளை உங்கட கதவில தட்டினவனோ?"

தட்டினவன். பொடியன் காணாமல் போன அண்டிரவு தங்கத்துரை கடைக்குள்ளதான் பாயைப் போட்டுப் படுத்தவர். "அண்ணை... அண்ணை..." எண்டு மெதுவாக் கூப்பிட்டுத் தட்டினது கேட்டது. எழும்பி இருந்து லாம்பைக் குறைச்சுப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர். பிறகு ஒரு வாகனம் நிண்ட சத்தம். பிறகு ஒண்டுமில்லை. இதைத்தான் எல்லாரிட்டயும் மறைச்சவர். நீங்கள் திறந்திருப்பியளோ? வீரக்கதை வேண்டாம். நானும் திறந்திருக்க மாட்டன். எங்களை அப்பிடி ஆக்கி வைச்சிருந்தாங்கள், நாங்களும் அப்பிடியே ஆகிப்போனம்.

தங்கத்துரை அவவுக்கு ஓம் எண்டு மட்டும் சொன்னாராம்.

பூரணம் மண் அள்ளித் திட்டேல்ல. றோட்டுப் பக்கமிருந்து அந்தக் காலுகளோட சேந்து நடந்து வந்தா. கதவடியில நிண்டா. அண்டிரவு கதவு திறக்கேல்ல எல்லோ... ஆனா கால் கதவடியில நிக்கேல்ல. நிலையைத் தாண்டி உள்ளுக்க வந்திருக்கு. மெசினடியில கடைசி ரெண்டு காலும் சோடியா நிக்குது, தங்கத்துரை படுக்கிற பாயைப் பாத்தபடி. பாய்க்கும் அதுக்கும் ஒரு எட்டுத்தான்.

அவ திரும்பவும் தாளின்ர ரெண்டு கரையையும் குனிஞ்சு பாத்துக்கொண்டு வெளியில போனா. வெளிய போன கால் ஒண்டுகூட இல்லை. வாசற்படியில குந்திக்கொண்டா.

றோட்டில சனம் நடமாடத் தொடங்கீட்டுது. ஆரும் கண்டிடுவினம் எண்ட பயத்தில தங்கத்துரை எட்டிக் கதவை இழுத்தார். அவ கையை வைச்சுத் தடுத்தா.

"சாத்தாதைங்கோ தம்பி," எண்டா. "அவன் இன்னும் உள்ளுக்க நிக்கிறான்."