ஏழாவது காப்பி

பேரு உங்களுக்கே தெரியும், வீட்டுக் கடைக்குட்டி. வயசு இருபத்தஞ்சு. கடல் தாண்டி, அஞ்சாவது மாடியில, ஆறு கட்டில் போட்ட ரூம்ல இப்ப நான் ஒருத்தன்தான். மத்தவங்க ஷிப்டுக்குப் போயிட்டாங்க. விரல் வீங்கிக் கிடக்கு, அதான் போன்கிட்ட பேசிப் பேசியே டைப் பண்றேன். அக்கா, எல்லாரையும் உக்காரவெச்சு நீ படி. சின்னதுங்க நடுவுல இருக்கட்டும். இது என் ரூம்மேட்டோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது.

மாலை ஆறு மணி. கிடங்குகளைத் தாண்டிப் போகிற சாலை. ஈ காக்கை இல்லை... ஸ்கூட்டரில் அவர் மட்டும். காது மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். பையில் ஒரு பழைய கேசட்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஊர் மண்டபத்தில் ஒரு ராக் குழு ஒரே ஒரு ராத்திரி வாசித்தது. பதிவு செய்யக் கூடாது என்று கண்டிப்பு. ஆனாலும் எவனோ திருட்டுத்தனமாகப் பதிந்துவிட்டான். அதற்கு ஒரு காப்பி, காப்பிக்குக் காப்பி என்று கைமாறிக்கொண்டே இருந்தது.

அந்தக் கச்சேரிக்குப் போன அவருடைய அண்ணன் வீடு திரும்பவில்லை. கிளம்பும்போது காதோடு சொல்லிவிட்டுத்தான் போனான்.

"டேய் வாண்டு, பதினோரு மணிக்கு வந்து மெதுவாத் தட்டுவேன். அப்பாவுக்குத் தெரியாம கதவத் தொற."

ஒன்பது வயது வாண்டு தலையை ஆட்டினான். தூங்கிப்போனான்.

அண்ணன் வந்து தட்டினானா, இல்லையா? இத்தனை வருடமும் அவரை அரித்தது அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர், மெஷினில் பாட்டு கேட்கிறதா என்று பார்க்க அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தார். இரண்டு பாட்டுக்கு நடுவே, கைதட்டலுக்கு அடியில்... டக். சர்ர்ர். டக். சர்ர்ர். ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுக்கிற நடை. கூடவே சாவிக்கொத்தின் கிலுகிலு. அண்ணனுக்கு இடது கால் இழுக்கும், இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டார்.

பதிந்தவனுக்குப் பக்கத்தில்தான் அண்ணன் நின்றிருக்க வேண்டும்! அவனைப் பிடித்தால் ஏதாவது தெரியும். கேசட்டைக் கடன் வாங்கிக்கொண்டு தேடத் தொடங்கினார். வாடிக்கையாளர் கை காட்டியது முடிவெட்டுகிறவரை, அவர் ஒரு பஸ் டிரைவரை, டிரைவர் தன் சகலையை. பின்னால் போகப் போக நாடாவின் இரைச்சல் குறைந்தது. அது நியாயம், காப்பிக்குக் காப்பி இரைச்சல் ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த நடையும் அல்லவா எட்ட எட்டப் போனது... டிரைவருடையதில் காதைத் தீட்டினால்தான் கேட்டது. சகலையிடம் இருந்த முதல் காப்பியில் எறும்பு ஊர்வது போல.

சகலை சொன்ன வீடுதான் அந்தச் சாலைக் கோடியில். அங்கே இருந்த கிழவர்தான் அன்றைக்குப் பதிந்தவர், ஒரு காலத்தில் மேடைக்கு விளக்குக் கட்டியவர். அறை முழுக்க ஈரச் சுவர் வாசனை. மூல நாடாவைச் சுழல விட்டார்.

பாட்டு. கைதட்டல். அவ்வளவுதான். நடையே இல்லை.

"உங்க பக்கத்துல யாருங்க நின்னாங்க?"

"பக்கத்துலயா? நான் மேடைக்கு மேல, லைட் கட்டுற கம்பியில வௌவால் மாதிரி தொங்கிட்டிருந்தேன். அங்க எவன்யா நடப்பான்?" கிழவர் சிரித்தார். இவர் கொண்டுபோன கேசட்டை வாங்கிப் போட்டுக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "இது எத்தனாவது காப்பி?"

"நாலாவது."

"இனிமே எடுக்காத தம்பி."

வீட்டுக்கு வந்தபோது ஏழு. மனைவி வேலையில். அம்மா அடுப்படியில். அம்மாவின் காது மெஷின் இரண்டு நாளாக அவர் மேசையில் பிரித்துக் கிடந்தது. அது இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

ஹெட்போனை மாட்டினார். ஒன்றிலிருந்து ஒன்றாகக் காப்பி எடுத்தார். ஐந்தாவதில் நடை நெருங்கியது. ஆறாவதில் சாவிக்கொத்து காதோரம்.

ஏழாவதில் பாட்டே இல்லை. மூச்சு மட்டும். அப்புறம் களைத்துப்போன ஒரு குரல்.

"டேய் வாண்டு... எவ்ளோ நேரம்டா தட்டுறது?"

ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டார். வீடு நிசப்தம். ஒரு சத்தமும் இல்லை. அப்போது அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"யாருடா அது, கதவத் தட்டிட்டே இருக்காங்க? போய்த் தொற. பெரியவனா இருக்கும்."

மேசையில் மெஷின் இரண்டு துண்டாக.

பத்து மணிக்கு மனைவி வந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் விரல் பட்டதுதான் தாமதம்... அம்மா வந்து திறந்துவிட்டாள். அவர் செருப்பு இருந்தது. சட்டை இருந்தது. ஹெட்போன் சூடாக இருந்தது. அவர் இல்லை.

"அவரு எங்க அத்த?"

"அண்ணன் கூப்பிட்டான், கூடப் போயிருக்கான்."

மெஷின் அப்போதும் துண்டாகத்தான் கிடந்தது.

இதெல்லாம் அவர் முன்னாடி சொன்னது, அந்தக் கிழவரும் அம்மாவும் சொன்னது, மேசையில கிடந்த காப்பிகள்ல முதல்ல கேட்டதுன்னு சேர்த்துத்தான் ரூம்மேட்டோட அக்காவுக்குத் தெரிஞ்சது. அவங்க அந்த ஏழாவது காப்பியைப் போன்ல பதிஞ்சு தம்பிக்கு அனுப்பினாங்க. அதுல இப்ப ரெண்டு பேர் நடக்குறாங்களாம். ஒருத்தர் காலை இழுத்து இழுத்து, இன்னொருத்தர் வெறுங்கால்ல. அவன் அதை ஒரு மணி நேரம் முன்னாடி எனக்குத் தள்ளிவிட்டுட்டு ஷிப்டுக்குப் போயிட்டான். கேட்டா, 'தனியா வெச்சிருக்கப் பயமா இருக்குடா'ங்குறான். நான் அதைத் திறக்கல.

ஆனா இவ்வளவும் பேசி முடிச்சுட்டு மேல தள்ளிப் பார்த்தா, நான் சொல்லாத 'கதவத் தொற' மூணு இடத்துல டைப் ஆகியிருக்கு. அழிச்சுட்டேன்.

யாராவது முழிச்சிருந்தா ஒரு போன் பண்ணுங்க. வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேணாம்.